சிவப்பு என்றால் கோபமா?

உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஓவிய ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. வெளியே மழைமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஏலச்செடி தெரியவில்லை. ஜப்பானிய ஓவியர் யோஷிடோமோ நாராவின் இரண்டு படங்களைத் திரையில் போட்டு, என்ன உணர்ச்சி தெரிகிறது என்று கேட்டேன். முதலாவது, 2000-இல் வரைந்த ‘முதுகுக்குப் பின்னே கத்தி’. பெரிய தலை, சிவப்புக் கவுன், ஒரு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கும் சிறுமி. அரங்கிலிருந்து உடனே பதில் வந்தது: “கோபம் சார். சிவப்பு இருக்குதே.”

விடை சரி, காரணம் தப்பு. அந்தக் கவுனை மனசுக்குள் நீலமாக்கிப் பாருங்கள், கோபம் இம்மியும் குறையாது. அது இருப்பது சரிந்து முறைக்கும் கண்ணிலும் இறுகிய வாய்க்கோட்டிலும். கத்தியோ படத்திலேயே கிடையாது, தலைப்பில்தான் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் ஜப்பானில் மங்கலம். விழா நடக்கும் இடத்தில் அந்த இரண்டு நிறத்திலும் பட்டை போட்ட திரை கட்டுவார்கள். நல்ல நாள் உடுப்பு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு அந்தக் குழந்தை முறைக்கிறது என்பதுதான் படத்தின் குறும்பு. (2019-இல் ஹாங்காங்கில் சுமார் 2.5 கோடி டாலருக்கு ஏலம் போன படம் இது. ஏலம் என்ற சொல்லின் இரண்டு பொருளையும் தினம் புழங்கும் ஊர் என்பதால் அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு கால்மணி நேரம் யாரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை.)

சிவப்புக்குக் கோபம், நீலத்துக்குச் சோகம், மஞ்சளுக்கு மகிழ்ச்சி என்ற அட்டவணையை நாம்தான் வகுப்பில் எழுதிப் போடுகிறோம். கேட்டால் பரதரைக் காட்டுகிறோம். நாட்டிய சாஸ்திரம் ரௌத்திரத்துக்குச் சிவப்பையும், கருணைக்குப் புறாவின் சாம்பலையும், அற்புதத்துக்கு மஞ்சளையும் சொல்வது உண்மைதான். கதகளியில் பச்சை முகம் வந்தால் நற்குண நாயகன் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது அரங்கத்தில் ஆடுகிறவனும் பார்க்கிறவனும் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்படிக்கை. நாரா நம்மோடு அப்படி எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

நிறத்தின் பெயரே ஊருக்கு ஊர் வழுக்குகிறது. ஜப்பானியரின் ‘ஆவோ’ நீலத்தையும் தழுவும், பச்சையையும் தழுவும்; சாலை விளக்கின் பச்சையை இன்றும் அவர்கள் ‘ஆவோ’ என்கிறார்கள். சிரிக்க வேண்டாம். நீலவண்ணன் என்று வணங்கும் அதே சாமியின் பெயரால் பிள்ளைக்குப் பச்சைப்பெருமாள் என்று பெயர் வைக்கிறவர்கள் நாம்.

இரண்டாவது படம் ‘வசந்தச் சிறுமி’, 2012. யோகோஹாமா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் ஏழரை அடி. நாரா வட ஜப்பானின் ஹிரோசாகியில் பிறந்தவர். 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்த வடகிழக்குக் கரையைத்தான் சிதைத்தன. கொஞ்ச காலம் அவருக்கு வரைய ஓடவில்லை. தான் படித்த ஐச்சி கலைப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப்போய், கருவி எதுவும் இல்லாமல் வெறுங்கையால் களிமண்ணில் தலைகள் செய்தார். அதன் பிறகு வந்த படம் இது. முறைப்பு போய்விட்டது. முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. முன்பு கோடு சுமந்ததை இப்போது நிறம் சுமக்கிறது: மேலும் மேலும் பூசிய மெல்லிய அடுக்குகள், கண்மணிக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல நிறம்.

இதற்கு அரங்கில் அட்டவணை உதவவில்லை. இளஞ்சிவப்பு என்றால் அன்பு என்றார் ஒருவர், யாருக்கும் ஒட்டவில்லை. டீ கொண்டுவந்த சத்துணவு அக்கா, டம்ளரை வைத்துவிட்டு நின்று பார்த்தார். முன்பு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய் பொறுக்கியவராம்.

“அழுது முடிச்ச கண்ணு சார் இது. அழுதுக்கிட்டு இருக்கிற கண்ணு இல்ல.”

எப்படிச் சொல்றீங்க என்றேன்.

“ஈரம் இழுத்த எடத்துல கலர் வேற மாதிரி நிக்கும்ல.”

அவர் பேசியது காயைப் பற்றி. பறித்த பச்சைக்காய் கழுவி ஸ்டோருக்குள் போகும். சிலர் பச்சை போகாமலிருக்கச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் போட்டெடுப்பார்கள். சூடு கொஞ்சம் ஏறினாலும் பச்சை வெளுத்து மஞ்சளடிக்கும், விலை இறங்கும். ஒரு தட்டுக் காயில் ஏழெட்டுப் பச்சை பார்க்கத் தெரிந்த கண் அது. அடுத்த அரைமணி நேரம் உணர்ச்சி என்ற சொல்லையே எடுக்காமல் எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம், எது காய்ந்தபின் எது என்று மட்டும் பேசினோம். நான் தயாரித்துப் போயிருந்த குறிப்பைவிட அது நன்றாக இருந்தது.

திரையும் கைபேசியும் இந்த அடுக்கைக் கொன்றுவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2022-இல் இதே தாலுகாவில், சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மலையில் குறிஞ்சி பூத்தபோது கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்தோம். கைபேசியில் எல்லாம் ஒரே அடர்நீலம். பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குத் தெரியும், அது வெளிறிய ஊதா. ஆயிரக்கணக்கில் சேர்ந்து, தூரமும் மூட்டமும் கலந்தபோதுதான் மலை நீலமாயிற்று.

அந்த மூட்டத்தையே ஜப்பானியர் ஒரு பாணியாக்கினார்கள். யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கோட்டைக் கரைத்து நிறத்தைப் படரவிட்டபோது, ‘மங்கல் பாணி’ என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். 1903-இல் இருவரும் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அவர்களிடம் கண்டதை அவனீந்திரநாத் தாகூர் தன் வாஷ் முறையாக வளர்த்தார். அவரிடம் பயின்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னை ஓவியப்பள்ளிக்குப் பொறுப்பேற்றார். நாம் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வாஷுக்கு அந்த வழியில் ஒரு ஜப்பானியப் பாட்டன் உண்டு. நாராவை அந்நியர் என்று ஒதுக்க அவசியமில்லை.

அடுத்த இதழுக்கு மாணவர் படங்கள் கேட்டிருக்கிறோம். ஏலத்தோட்டமோ வீட்டு முற்றமோ, ஒரே இடத்தைக் காலையில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை வரையச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் நேரத்தையும், எந்த நிறத்துக்கு மேல் எதைப் பூசினார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். போன தடவை வந்தவற்றில் பாதிக்கு மேல் பின்பக்கம் ‘மகிழ்ச்சி’, ‘சோகம்’ என்று மட்டும்தான் இருந்தது. அதுவும் ஆசிரியர் கையெழுத்தில்.