சாம்பல் போடுங்கள் என்று நான் சொன்னது தவறு

கொஞ்சம் நீளமான பதிவு. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

34 ஆண்டுகள் வேதியியல் பாடம் எடுத்தவன் நான். பிஎச், அதாவது அமில கார அளவு என்றால் என்ன என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஓய்வு பெற்று மாடித்தோட்டம் போட்ட பிறகு, என் தொட்டி மண்ணில் அதை ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை. 'எல்லாம் இயற்கை உரம்தானே, என்ன ஆகிவிடும்' என்ற நினைப்பு.

கோவையில் எங்கள் அடுக்ககத்தில் ஐந்து வீடுகளில் தொட்டிச் செடி உண்டு. வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். மாதம் ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல், முட்டை ஓட்டுத் தூள், அவ்வப்போது பஞ்சகவ்யம் என்று சொல்லி வந்தேன். ஒரு வருடத்தில் எல்லோர் வீட்டுக் கறிவேப்பிலையும் வெளுத்தது. கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. "சத்து போதவில்லை, இன்னும் போடுங்கள்" என்றேன். கீழ்வீட்டு அம்மா இரண்டு தொட்டியைக் காலி செய்துவிட்டு, "நமக்குக் கைராசி இல்லைங்க சார்" என்றார்.

அது என்னைச் சுட்டது. அன்று மாலையே பிஎச் தாள் வாங்கி வந்து பார்த்தேன். என் தொட்டி மண் 8-ஐத் தாண்டியிருந்தது. 7 நடுநிலை. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் காரம் பத்து மடங்கு. பெரும்பாலான காய்கறிச் செடிகளுக்கு 6 முதல் 7 வரை நல்லது. ஏழரையைத் தாண்டினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எளிதில் எடுக்க முடியாது. பூட்டிய பீரோவுக்குள் பணம் இருக்கிற கதைதான்.

காரணம் உரம் மட்டுமல்ல. எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் ரகம். அதில் உள்ள பைகார்பனேட் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சுண்ணாம்பு போட்ட மாதிரி வேலை செய்கிறது. அதன்மேல் சாம்பல், அதுவும் காரம். சிலர் வீணாகக் கூடாதென்று ஆர்.ஓ. கழிவு நீரையும் ஊற்றினார்கள். அது அதே உப்பின் அடர்த்தியான வடிவம்.

"தாத்தா காலத்தில் யார் பிஎச் பார்த்தார்கள்?" என்று கேட்பீர்கள். தரை மண்ணுக்கு ஆழம் உண்டு, மழை வந்து கழுவும். தொட்டியில் இருப்பது இரண்டு சட்டி மண். ஊற்றுவதெல்லாம் அங்கேயே சேரும்.

சாம்பலைக் குறை சொல்லவில்லை. நீலகிரியின் அமில மண்ணுக்கு அது மருந்து. எங்கள் தொட்டிக்கு விஷம். ஆகவே தண்ணீர் எப்படி என்று கேட்காமல் "இதை ஊற்றுங்கள், செழிக்கும்" என்று சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான்.

சோதிப்பது எளிது. ஒரு கரண்டி மண்ணில் இரண்டு கரண்டி மழைநீரோ ஏ.சி.யில் வடிந்த தண்ணீரோ கலக்கி, அரைமணி நேரம் விட்டு, தெளிந்த நீரில் தாளை நனையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்; அதன் காரமும் சேர்ந்து காட்டும்.

அளவு கூடியிருந்தால் சாம்பல், முட்டை ஓட்டை நிறுத்துங்கள். முடிந்தபோதெல்லாம் மழைநீர் ஊற்றுங்கள். மக்கிய தொழு உரம் சேர்த்தால் மண் சட்டென்று மாறாமல் தாங்கும். புளித்த மோர் உதவும், ஆனால் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைச் சில நாட்களில் தின்றுவிடும். நிரந்தரத் தீர்வு அல்ல. கடலைப் புண்ணாக்கு மக்கும்போது முதலில் காரம் சற்று ஏறினாலும், அதன் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுகையில் மண் அமிலப் பக்கம் நகரும். அதனால் மழைநீர் மட்டுமே ஊற்றுபவர்கள் எதிர்ப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதத்தில் என் செடியில் புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. பழைய மஞ்சள் இலைகள் மாறவில்லை. கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒரு கன்றும் நாலு பிஎச் தாளும் கொடுத்து, "தப்பு உங்கள் கையில் இல்லைம்மா, என் யோசனையில்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி? அளந்து பார்த்து எழுதுங்கள்.