கிதாரை மாற்றாதே, கம்பியை மாற்று!

வீட்டில் பேஸ் கிதார் வாசிக்கும் பையன் இருக்கிறானா? அப்படியானால், என்றாவது ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தே தீரும்.

"அப்பா, என் கிதார் சரியில்லை. நாதமே வரவில்லை. அமெரிக்கக் கிதார் ஒன்று வாங்க வேண்டும்!"

அப்பா விலையைக் கேட்பார். அதன்பிறகு வெகுநேரம் பேச மாட்டார்.

நான் சொல்கிறேன்: கிதாரை மாற்ற வேண்டாம். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும். மீதிக் குறைக்கும் மலிவான வைத்தியம் உண்டு.

பேஸ் கிதார் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணக் கிதாரில் 6 கம்பிகள். இதில் பெரும்பாலும் 4 கம்பிகள்தான். ஆனால் தடித்த கம்பிகள். இளையராஜாவின் பாட்டைக் கேட்கும்போது, பாடகரின் குரலுக்கு அடியில் கனத்த ஒலி ஒன்று தனி நடை போட்டுக்கொண்டு போகுமே, அதுதான் பேஸ் கிதார்!

இந்த வாத்தியத்தை ஊரறியச் செய்தவர் லியோ பெண்டர் என்ற அமெரிக்கர். கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுது பார்த்தவர். 1951-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் பெரிய வாத்தியத்தை நின்றுகொண்டு வாசிப்பார்கள். தூக்கிப் போவதே பெரும்பாடு. கூட்டத்தில் ஒலியும் கேட்காது. பெண்டரின் கிதார் தோளில் தொங்கியது. வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் அதில் இருந்தன. ஆகவே சுருதி பிசகவில்லை.

கம்பிகளுக்கு அடியில் "பிக்கப்" என்று ஒரு சிறிய பெட்டி இருக்கும். உள்ளே காந்தம். காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இருக்கும் எஃகுக் கம்பி அதிர்ந்தால், செம்புச் சுற்றில் மின்சாரம் பிறக்கும். அது ஒயர் வழியாக ஒலிபெருக்கிக்குப் போகும். அவ்வளவுதான் சங்கதி.

கவனியுங்கள்: மரம் பாடவில்லை; முதலில் பாடுவது கம்பி!

ஒற்றை விரல்

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஜேம்ஸ் ஜேமர்சனைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

ஜேமர்சன் 1936-ல் பிறந்த கறுப்பின அமெரிக்கர். கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட் நகரத்தில் வாழ்ந்தார். அங்கே மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது. 1960-களில் அமெரிக்கா முழுவதையும் ஆட வைத்த கம்பெனி அது. ஒரு சாதாரண வீட்டில்தான் அதன் ஒலிப்பதிவுக்கூடம். சுப்ரீம்ஸ், டெம்டேஷன்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே ஆகியோரின் எத்தனையோ பாட்டுகளுக்கு ஜேமர்சன்தான் பேஸ்.

அவரிடம் இருந்தது என்ன கிதார்? 1962-ல் செய்த பெண்டர் கிதார். யார் கடைக்குப் போனாலும் வாங்கக்கூடிய சரக்கு. தங்கம் பதிக்கவில்லை, விசேஷப் பிக்கப் பூட்டவில்லை.

அதில் தடித்த கம்பி மாட்டினார். மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும் "தட்டைச் சுற்று" கம்பி. அறுந்தால் ஒழிய அதை மாற்ற மாட்டார்! கம்பியில் படிந்த அழுக்கில்தான் நாதம் இருக்கிறது என்பது அவர் கொள்கை. (நம் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் அம்மா விடுவாளா?) கம்பி தாங்கும் குதிரைக்கு மேல் ஒரு மூடி உண்டு. அந்த மூடிக்குள் ஒரு துண்டு நுரைப்பஞ்சு. அது கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்ததால், ஒலி "டொம்" என்று பிறந்து, இழுபடாமல் அடங்கியது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி நாதத்தைக் கனமாக்குகிறார்களே, அதுபோலக் கைக்கு எட்டும் வைத்தியம்தான் இதுவும்.

வாசித்தது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால்தான்! ஒலிப்பதிவில் கிதாரின் ஒயரை நேராகப் பதிவு மேசையில் செருகினார்கள்.

இத்தனைக்கும் அந்தக் கிதாரின் கம்பிகள் மெட்டுக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தன. மற்றவர்கள் அதை வாசிக்கத் திணறினார்கள். ஆக, அந்த நாதம் கடையிலிருந்து வரவில்லை. கம்பி, பஞ்சு, விரல் மூன்றிலிருந்தும் வந்தது.

அவர் 1983 ஆகஸ்டில், 47-ம் வயதில் காலமானார். அதற்குச் சில நாட்கள் முன்பு அந்தக் கிதார் திருடு போயிற்று. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் முதல் பேஸ் கிதாரும் 1972-ல் லண்டனில் திருடு போனதுதான். திரும்பக் கிடைத்த செய்தி 2024-ல் வெளியாயிற்று. நல்ல பேஸ் கிதாருக்கும் திருடனுக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் போலிருக்கிறது!

கம்பிக்காகக் கிதார் வாங்கியவர்

இதற்கு நேர் எதிரானவர் ஒருவர் உண்டு. "தி ஹூ" என்ற இங்கிலாந்துக் குழுவின் ஜான் என்ட்விசில். அவருக்குப் புதுக் கம்பியின் பளிச்சென்ற ஒலிதான் வேண்டும். 1965-ல் ஒரு பாட்டுக்காக டான்எலெக்ட்ரோ என்ற கிதாரை வாங்கினார். அதன் கம்பி அறுந்தது. அந்தக் கம்பி தனியாகக் கடையில் கிடைக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? கம்பிக்காக முழுக் கிதாரையே மறுபடி வாங்கினார்! இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1966-ல் ரோட்டோசவுண்ட் என்ற கம்பிக் கம்பெனியோடு சேர்ந்து, தமக்கு வேண்டிய "உருண்டைச் சுற்று" கம்பியைச் செய்து வாங்கிக்கொண்டார்.

ஒருவருக்கு அழுக்குக் கம்பி. மற்றவருக்குப் புத்தம் புதுக் கம்பி. ஆனால் நாதம் எங்கே இருக்கிறது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை.

இன்று கடையில் இரண்டு வகையும் கிடைக்கும். புதுக் கிதாரோடு வருவது பெரும்பாலும் உருண்டைச் சுற்றுதான். பையனுக்கு ஜேமர்சன் நாதம் வேண்டுமானால், அதைக் கழற்றிவிட்டுத் தட்டைச் சுற்றை மாட்டட்டும். பளிச்சென்று கேட்க வேண்டுமானால், உருண்டைச் சுற்றையே புதிதாக மாட்டட்டும். அதற்கும் காசில்லையா? பழைய உருண்டைச் சுற்றுக் கம்பியைக் கழற்றி, கொதிக்கும் நீரில் சில நிமிடம் போடுங்கள். எடுத்து, ஈரம் போகத் துடைத்து மாட்டினால், கொஞ்ச நாளைக்குப் புதுக் கம்பி போல ஒலிக்கும். சமையல் பாத்திரத்தில் மட்டும் போடாதீர்கள்!

ஓர் எச்சரிக்கை. மிகத் தடித்த கம்பி மாட்டினால், அது இழுக்கிற இழுப்பில் கிதாரின் கழுத்து வளையும். கழுத்துக்குள் அதை நிமிர்த்த ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது. அதைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகக்கூடாது. தெரியாதவர்கள் கடைக்காரரிடமே கொடுத்துவிடுவது நல்லது.

திருப்புளி போதும்

பிக்கப் பெட்டியின் உயரத்தைத் திருப்புளியால் ஏற்றி இறக்கலாம். கம்பிக்கு அருகே வந்தால் ஒலி ஓங்கும். மிக அருகே வந்தால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும், சுருதி தள்ளாடும். ஏற்றி, இறக்கி, கேட்டுப் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை. கிதாரில் இருக்கும் டோன் குமிழையும் சிலர் தொடுவதே இல்லை. அதைக் குறைத்தால் கீச்சொலி குறைந்து ஒலி உருண்டையாகும்.

இன்னொன்று. தடித்த கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. அவ்வளவு கனத்த ஒலியைச் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியால் முழுதாகத் தர முடியாது. பையன் படுக்கையறைப் பெட்டியைக் கேட்டுவிட்டுக் கிதாரைக் குறை சொல்கிறான்! நண்பர் வீட்டுப் பெரிய பெட்டியில் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டுப் பேசட்டும். தனியாக வாசிக்கும்போது "கும்"மென்று மயக்குகிற ஒலி, மத்தளமும் பாட்டும் சேர்ந்தால் சேறாகிவிடுவதும் உண்டு. ஆகையால் குழுவோடு வாசித்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வால்வு வைத்த பழைய ஒலிபெருக்கியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து!

மரத்தை வெட்டாதே

"ஜாக்கோ பாஸ்டோரியஸ் கிதாரையே மாற்றிச் செய்தாரே!" என்று பையன் எதிர்வாதம் செய்வான். உண்மைதான். புளோரிடாவில் வளர்ந்த அந்த மேதை, 1962-ம் ஆண்டுப் பெண்டர் கிதாரின் மெட்டுகளை நீக்கிவிட்டு வாசித்தார். பள்ளங்களை அடைத்தார். கம்பி மரத்தைத் தேய்க்காமல் இருக்க, படகுக்குப் பூசும் எபாக்சிப் பூச்சைப் பூசினார். 1976-ல் அவர் இசைத்தட்டு வந்தபோது, கிதார் மனிதக் குரல் போல வழுக்கிப் பாடுவதைக் கேட்டு உலகம் வியந்தது.

ஆனால் அவருக்கு எந்த ஒலி வேண்டும் என்று முதலிலேயே தெரியும். நம் பையன்கள் பலர் வெட்டிவிட்டு அப்புறம் யோசிக்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவிலேயே, புதுப் பிக்கப் பூட்டுவதற்காகப் பழைய பெண்டர் கிதார்களை உளியால் குடைந்தவர்கள் அநேகர். குடையாத கிதார்களுக்கு இன்று பெரும் விலை. குடைந்தவற்றுக்கு அந்த விலை கிடைப்பதில்லை.

கழுத்து முறுக்கிக்கொண்டதா? முறுக்காணி நில்லாமல் சுருதி நழுவுகிறதா? அப்போது வேறு கிதார் பார்க்கலாம், நான் தடுக்கவில்லை. கம்பி, பஞ்சு, திருப்புளி எல்லாம் பார்த்த பிறகும் நாதம் பிடிக்கவில்லையா? அதே அளவுள்ள வேறு பிக்கப் வாங்கி, அதே பள்ளத்தில் பூட்டுங்கள். கழற்றிய பழைய பிக்கப்பைத் தூக்கி எறியாதீர்கள். துணியில் சுற்றி, திருகாணிகளோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நாளைக்குக் கிதாரை விற்கப் போனால், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.