பவர் கையில், வீடு யார் பெயரில்?

கரோல்பாக்கிலோ மயூர் விஹாரிலோ முப்பது ஆண்டுகளுக்கு முன் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் இரும்பு பீரோவில் ஒரே மாதிரியான காகிதக் கட்டு இருக்கும். கிரய ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், முழுப் பணமும் பெற்றுக்கொண்டதாக ரசீது, ஒரு பிரமாண வாக்குமூலம், போதாததற்கு வாங்கியவர் பெயருக்கு விற்றவர் எழுதிவைத்த உயில். கட்டில் இல்லாதது ஒன்றே ஒன்று. கிரயப் பத்திரம்.

'பவரில் வாங்கிய வீடு' என்று தில்லியில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். இந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஏமாற்று எண்ணம் மட்டுமல்ல. தில்லி வளர்ச்சி ஆணையம் ஒதுக்கிய வீடுகளும் மனைகளும் நீண்ட காலக் குத்தகையில்தான் தரப்பட்டன. கைமாற்ற ஆணையத்தின் அனுமதி வேண்டும். கூடிய மதிப்பில் ஒரு பங்கையும் கட்ட வேண்டும். இந்தத் தொல்லையைச் சுற்றிக்கொண்டு போகக் கண்டுபிடிக்கப்பட்ட சந்துதான் பவர். விற்றவருக்குக் கையில் பணம், வாங்கியவருக்குக் கையில் சாவி, முத்திரைத் தீர்வையும் மிச்சம். கறுப்புப் பணத்துக்கும் இதே சந்து வசதியாக இருந்தது.

சட்டம் இதை ஒருநாளும் விற்பனையாக ஏற்றதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் விற்க முடியும். விற்பதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இருந்தும் அரசு அலுவலகங்களே கண்டும் காணாமல் இருந்தன. 1992இல் குத்தகை வீடுகளை முழு உரிமையாக மாற்றும் திட்டம் வந்தபோது, பவர் வைத்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள வழி விடப்பட்டது. விவரம் தெரிந்தவர்கள் அப்போதே மாற்றிக்கொண்டார்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டவர்களுக்கு 2011 அக்டோபர் 11 அன்று அதிர்ச்சி காத்திருந்தது.

அன்றுதான் சூரஜ் லாம்ப் நிறுவனத்துக்கும் ஹரியானா அரசுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டென்று போட்டு உடைத்தது: ஒப்பந்தம், பவர், உயில் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தாலும் அது விற்பனை ஆகாது. பவர் என்பது ஒருவருக்காக இன்னொருவர் செயல்படத் தரும் அனுமதி; அதனால் சொத்துரிமை கைமாறுவதில்லை. உயிலோ எழுதியவர் இறந்த பிறகே உயிர் பெறுவது. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் மாற்றலாம், ரத்து செய்யலாம். மனைவிக்கோ மகனுக்கோ சகோதரருக்கோ உண்மையாகவே காரியம் பார்க்கத் தரும் பவருக்குப் பாதிப்பில்லை என்பதையும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தீர்ப்பு வந்து இவ்வளவு நாளாகியும் பழைய கட்டுகள் பிரச்சினை தருவது ஓயவில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு தில்லி வழக்கு அண்ணன் தம்பிக்குள் நடந்தது. 1996இல் தந்தை தனக்கு ஒப்பந்தம், பவர், ரசீது, பதிவு செய்த உயில் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார் ஒரு மகன். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் நிற்கவில்லை. ஒப்பந்தமும் பவரும் உரிமை தராது. உயில் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது, சாட்சிக் கையெழுத்திட்டவரை விசாரித்து நிரூபிக்க வேண்டும். மற்ற பிள்ளைகளை ஏன் ஒதுக்கினார் என்பதற்கும் அதில் விளக்கம் இல்லை. வீடு வாரிசுகள் எல்லோருக்கும் என்றாகிவிட்டது. பணம் கொடுத்து அனுபவத்தில் இருப்பவரை வெளியேற்ற முடியாதபடி காக்கும் 53ஏ பிரிவும் அந்த மகனுக்கு உதவவில்லை, ஏனென்றால் வீடு அவர் அனுபவத்திலேயே இல்லை. 2001 செப்டம்பர் 24 முதல் அந்தப் பாதுகாப்புக்கு ஒப்பந்தமும் பதிவாகியிருக்க வேண்டும்.

ஆக, பழைய கட்டை வைத்திருப்பவரின் முதல் கேள்வி, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான். இருந்தால் தாமதிக்காமல் கிரயப் பத்திரம் பதிந்துகொள்ளலாம். தீர்வை இன்றைய மதிப்புக்குக் கட்ட நேரும், வலிக்கத்தான் செய்யும். இறந்துவிட்டால், பொது விதிப்படி பவரும் அவரோடு முடிந்தது. பணம் பெற்றுக்கொண்டு தந்த பவர் அப்படி முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவைக் காட்டி வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை நம்பி அடுத்தவர் யாரும் லட்சக்கணக்கில் எண்ணிக் கொடுப்பது சிரமம். வாரிசுகள் அனைவரையும் கையெழுத்திட வைப்பதே வழி. முப்பது ஆண்டுக்கு முன் அப்பா விற்ற வீட்டுக்குப் பிள்ளைகள் சும்மா கையெழுத்திடுவார்களா என்பது வேறு விஷயம். தில்லியின் அங்கீகாரமற்ற காலனிகளில் வசிப்பவர்கள் கதை மட்டும் தனி: 1,731 காலனிகளில் பவர், ஒப்பந்தம், உயில் போன்ற ஆவணங்களின் அடிப்படையிலேயே உரிமை வழங்க 2019இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதை மற்ற இடங்களுக்கு நீட்டிப் படிக்கக் கூடாது.

ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் குடியேறிவிட்ட பெரியவர் தில்லி வீட்டை விற்க மகளுக்குப் பவர் தருவதில் தவறே இல்லை. தான் குடியிருக்கும் ஊர் சார்பதிவாளர் முன்பாகவே அதை எழுதிப் பதிந்தால் பிற்பாடு ஆட்சேபம் எழாது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்பினால், இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். வாங்குபவர் தன் பங்குக்கு, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார், அதை ரத்து செய்யவில்லை என்பதை அவரிடமே பேசி உறுதி செய்துகொள்வது நல்லது. புரோக்கர் வார்த்தை போதாது.

தில்லியில் 'பயானா' எனப்படும் முன்பணத்தையும் கவனிக்க வேண்டும். 2015 ஜூன் முதல், வீட்டுக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் விற்பவர் தலையில். விலை 50 லட்சத்தை எட்டினால் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு. பயானா வாங்கியவர் பத்திரம் எழுதித் தராமல் இழுத்தடித்தால், ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து, தேதி இல்லையென்றால் அவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து, மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று சொல்பவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கக் கூடும்.