முகூர்த்தம் யாருக்காக வளைகிறது?

யாழ்ப்பாணத்திலே ஒரு திருமணம் பேசி முற்றாகிவிட்டால் அடுத்து எழும் வினா நாள் எப்போது என்பதாகும். சாதகப் பொருத்தமும் சீதனமும் பேசி முடிந்தபின் பெரியோர் சாத்திரியார் வீட்டை நாடுவர். அவர் பஞ்சாங்கத்தை விரித்து, ஆகாத மாதங்களைத் தள்ளி, ஆகாத கிழமைகளைத் தள்ளி, மணமக்களின் நட்சத்திரங்களுக்கு ஒவ்வாத நாள்களையும் தள்ளி, எஞ்சிய இரண்டு மூன்றினுள் ஒன்றைக் குறித்துக் கொடுப்பார். பொன்னுருக்குவதற்கு ஒரு நாள், கன்னிக்கால் நாட்டுவதற்கு ஒரு நேரம், தாலி கட்டுவதற்கு ஒரு முகூர்த்தம் என ஒரு திருமணத்துக்குப் பல நல்ல நேரங்கள் வேண்டப்படுகின்றன. இத்தனை ஆராய்ச்சியிலும் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றுண்டு. மணம்புரியவிருக்கும் பெண்ணுக்கு எந்த நாள் வசதி என்பதே அது.

நாள் பார்த்தலை முற்றாக ஒழித்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவ்வாறு வாதிட்டுப் பலர் பலகாலும் எழுதிவிட்டனர். அவ்வெழுத்துக்களைப் பாராட்டிப் படித்தவர்களும் தம் மகளுக்கு நாள் பார்த்தே மணஞ் செய்வித்தனர். எனது வாதம் வேறு. குறித்த முகூர்த்தம் அசைக்க முடியாதது என்னும் கூற்று உண்மைக்கு மாறானது. முகூர்த்தம் காலந்தோறும் வளைந்தே வந்திருக்கிறது. அது யாருக்காக வளைகிறது, யாருக்காக வளைய மறுக்கிறது என்பதையே நாம் சிந்தித்தல் வேண்டும்.

முதலிற் பஞ்சாங்கத்தையே எடுத்துக்கொள்வோம். நம்மிடையே இரு பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. கொக்குவிலிலிருந்து வெளிவருவது வாக்கிய பஞ்சாங்கம். மட்டுவிலிலிருந்து வெளிவருவது திருக்கணித பஞ்சாங்கம். வாக்கிய முறை, சந்திரனின் இயக்கத்தை 248 நாள் வட்டமாக வகுத்த பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது. திருக்கணிதமோ பிற்கால வானியல் அவதானிப்புகளை ஒட்டித் திருத்தப்பட்ட கணிதம். இவ்விரண்டுக்குமிடையே திதியும் நட்சத்திரமும் மணிக்கணக்கில் வேறுபடுவதுண்டு. சனிப்பெயர்ச்சியிலே வேறுபாடு மாதக்கணக்கில் நீளும். சனி கும்பராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 சனவரியில். வாக்கியப்படி அதே ஆண்டு திசெம்பரில். ஏழரைச்சனி கழியட்டும் எனக் காத்திருந்த தனுராசிப் பெண்ணொருத்திக்கு ஒரு பஞ்சாங்கம் விடுதலை அளித்துப் பதினொரு மாதங்களின் பின்னரே மற்றையது விடுதலை அளித்தது. இவற்றுள் எதனைக் கைக்கொள்வது என்பதைக் கிரகங்கள் தீர்மானிப்பதில்லை. குடும்பத்திலே அதிகாரமுள்ளவரே தீர்மானிக்கிறார். ஆகவே, நாள் குறிக்கும் செயலின் அடித்தளத்திலேயே மனிதரின் தெரிவு ஒன்று உண்டு என்பது தெளிவு.

மரபைக் காட்டி வாதிடுவோர் அம்மரபின் பழைமையையும் நோக்குதல் வேண்டும். அகநானூற்றின் 86 ஆம் பாடலிலே நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகிறார். உழுந்துக் களியும், மணல் பரப்பிய பந்தலும், புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுதலும் அங்குள. திங்களைக் கொண்டு பார்த்த நல்ல நாளும் உண்டு. ஆயினும் அங்கே சாதகப் பொருத்தம் பேசப்படவில்லை. செவ்வாய்க் குற்றமும் பேசப்படவில்லை. சிலப்பதிகாரத்திலோ, மதி உரோகிணியைச் சேர்ந்த நன்னாளில், முதுபார்ப்பான் மறைவழி காட்டக் கண்ணகியின் மணம் நிகழ்ந்தது. அந்த நன்னாள் அவளைக் காக்கவில்லை என்பதைத் தமிழ் கற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, முகூர்த்தம் வளைந்த வரலாற்றைப் பார்ப்போம். நம் பாட்டன்மார் காலத்திலே யாழ்ப்பாணத்துத் திருமணங்கள் பெரும்பாலும் இரவில், பெண் வீட்டிலே நிகழ்ந்தன. மணமக்கள் முற்றத்துக்கு வந்து வானத்தில் அருந்ததியைப் பார்த்தல் பொருளுடைய சடங்காக இருந்தது. 1980களில் ஊரடங்குச் சட்டமும் துப்பாக்கிகளும் எம்மிடமிருந்து இரவைப் பறித்தபோது முகூர்த்தங்கள் பகலுக்கு வந்தன. எந்தச் சாத்திரியாரும் தடை சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. போர் 2009 இல் முடிந்தபின்னரும் பகல் முகூர்த்தமே பெருவழக்காக நிலைத்துவிட்டது. இன்று மணமக்கள் நண்பகல் வெயிலிலே, மண்டப வாயிலில் நின்று, ஐயர் கைகாட்டும் திசையிற் கண்ணுக்குத் தெரியாத விண்மீனைப் பார்த்து வணங்குகின்றனர். இதனை நான் ஏளனஞ் செய்யவில்லை. வாழ வேண்டியவர்கள் சடங்கைத் தம் வாழ்வுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள் என்றே கொள்கிறேன்.

அடுத்ததாக முகூர்த்தம் வளைந்தது கடல்கடந்த விடுமுறைக்கு. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் உறவினருக்குப் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை யூலை, ஓகஸ்ற் மாதங்களிலேயே வாய்க்கிறது. அக்காலத்திலேதான் ஆகாத ஆடியும் வருகிறது. நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் உற்சவமும் வருகிறது. இவற்றினிடையே எஞ்சிய சில நாள்களுக்குள் எத்தனையோ குடும்பங்கள் முண்டியடிக்கின்றன. ஒரே நாளிற் பல திருமணங்கள். ஐயரோ ஒரு மணவறையிலிருந்து அடுத்த மணவறைக்கு ஓடுகிறார். ஆயினும், மூன்று வார விடுமுறையில் வரும் மாப்பிள்ளைக்கு அம்மூன்று வாரத்தினுள்ளேயே ஒரு நல்ல முகூர்த்தம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. விமானச் சீட்டின் திகதியறிந்து கிரகங்களும் ஒத்துழைக்கின்றன போலும்!

எனக்கு அறிமுகமான மாணவி ஒருத்தியின் கதை இது. அவளுடைய இறுதியாண்டுப் பரீட்சை தொடங்குவதற்கு இரு நாள் முன்னதாகத் திருமண நாள் குறிக்கப்பட்டது. மூன்று வாரம் தள்ளிவைக்குமாறு தந்தையிடம் கெஞ்சினாள். "சாத்திரியார் குறிச்ச நாள் பிள்ளை, அதை நாங்கள் மாத்தக்கூடாது" என்பதே அவர் விடை. பத்து நாள் கழித்து, மாப்பிள்ளையின் தமையனுக்கு இலண்டனிலிருந்து அந்நாளில் வர இயலாது எனத் தொலைபேசி வந்தது. மாற்றக்கூடாத நாள் அன்றே மாறியது. ஒரு வாரம் பின்னே, பரீட்சையின் நடுவே போய் விழுந்தது. அவள் மறு ஆண்டு இளையவர்களோடு அமர்ந்து பரீட்சை எழுதினாள். அவளைத் தடுத்தது சனியுமன்று, செவ்வாயுமன்று. தமையனின் விடுமுறைக்கு இருந்த மதிப்பு அவளுடைய நான்காண்டுக் கல்விக்கு இருக்கவில்லை என்பதே உண்மை.

பெரியோர் மனம் அமைதி பெற நல்ல நாள் வேண்டாமா எனச் சிலர் வினவலாம். வேண்டும், அவ்வமைதியை நானும் மதிக்கிறேன். ஆயினும் நாம் சைவர்கள். திருமறைக்காட்டிலிருந்து பாண்டிநாட்டுக்குச் சம்பந்தர் புறப்பட்டபோது, கோள்நிலை நன்றாக இல்லையென அப்பர் தடுத்தார் என்றும், அதற்கு விடையாகவே கோளறு பதிகம் எழுந்தது என்றும் சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். அப்பதிகத்தைக் காலையிற் பாடிவிட்டு மாலையிற் கோளுக்கு அஞ்சுவது எத்தகைய சைவம்? மேலும், நாள் பார்த்தல் வாழ்க்கை வசதியிலிருந்து பிரிந்து நின்றதுமில்லை. அறுவடை முடிந்து வீட்டிலே நெல் நிறைந்திருக்கும் தையிலே மணஞ் செய்த உழவன், தன் வசதியையும் சேர்த்தே நல்ல மாதத்தைக் கண்டான்.

இத்தகைய அச்சம் எமக்கு மட்டும் உரியதன்று. சீனரும் பஞ்சாங்கம் பார்த்தே மணநாள் குறிப்பர். பேய்கள் உலாவும் மாதமெனத் தம் ஏழாம் மாதத்தை விலக்குவர். வசந்தத் தொடக்க நாள் இடம்பெறாத ஆண்டைக் கைம்பெண் ஆண்டு என அஞ்சுவோரும் அவருட் பலர். 2024 பெப்ரவரியிற் பிறந்த அவர்களின் ஆண்டு அத்தகையது. 2023 இல் ஏறத்தாழ 76 இலட்சத்து 80 ஆயிரமாக இருந்த சீனத் திருமணப் பதிவுகள் 2024 இல் 61 இலட்சமாக வீழ்ந்தன. இளையோர் தொகை குறைந்தமையும் பொருளாதார நெருக்கடியும் இதற்குக் காரணங்களே. ஆயினும் நாளச்சத்துக்கும் பங்குண்டு எனப் பலர் கருதினர்.

நம் நாட்டின் 1907 ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் நட்சத்திரம் கேட்பதில்லை. வயதையும் சம்மதத்தையுமே கேட்கிறது. சம்மதம் என்பது ஆளுக்கு மட்டுமன்றி நாளுக்கும் உரியதாதல் வேண்டும். எனவே நான் வேண்டுவது ஒழுங்குமுறை மாற்றமொன்றே. முதலில் மணமக்கள் இருவரையும் கேளுங்கள். பரீட்சை, தொழில், நோயுற்ற பேரனின் உடல்நிலை, கடனின்றிச் செலவு செய்யக்கூடிய காலம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அவற்றுக்கு இசைந்த நாள்களைச் சாத்திரியாரிடம் கொடுத்து, இவற்றுள் நல்லதொன்றைக் காட்டுக எனக் கேளுங்கள். விமானச் சீட்டுக்கு நாள் கண்டுபிடித்தவருக்கு இது அரிய செயலாகாது.

விரிவுரை மண்டபத்திலே சமூக மாற்றம் பேசும் நாம், நம் வீட்டுக் கூடத்தில் நாள் குறிக்கப்படும்போது வாய்மூடி இருத்தல் தகாது. அடுத்த ஆவணிக்கு நாள் பார்க்கும் வீடுகளிலே நம் தங்கையரும் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டீர்களா என்று நாமாவது கேட்போமாக.