போஸ்டரில் பெயரில்லாத முதல் ஒரு மணிநேரம்

நான்கைந்து பேண்டுகள் ஒரே மேடையில் வாசிக்கும் நிகழ்ச்சிகளுக்கு நம்மில் பெரும்பாலோர் போய்ச் சேர்வது ஏழரை மணிக்கு மேல்தான். போஸ்டரில் பெரிய எழுத்தில் இருக்கும் ராப் பாடகர் எட்டு மணிக்குத்தான் ஏறுவார் என்று நண்பர் யாராவது தகவல் சொல்லியிருப்பார். ஐந்தரைக்கே மேடையேறி, காலி நாற்காலிகளையும் கேபிள் இழுத்துக்கொண்டிருக்கும் ஆட்களையும் பார்த்துப் பாடிவிட்டு இறங்கிப் போனவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. போஸ்டரிலும் இருக்காது. இருந்தால் ‘மற்றும் பலர்’.

நான் ஐந்தரைக்குப் போகிற ஆள். எனக்கு நெருக்கமாகிப்போன குரல்களில் பலவற்றை அந்த ஒரு மணிநேரத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். புதுப் பாடகரைக் கண்டுபிடிப்பதில் ஒரு கர்வம் உண்டு, அது எனக்கும் இருக்கிறது. ஆனால் இதை ரசனைக் குறிப்பாக எழுதவில்லை. யார் முதலில் பாடுவது, யார் கடைசியில் பாடுவது, யார் மேடைக்குக் கீழேயே நின்று அடித்துவிட்டுப் போவது என்கிற வரிசையில், நாம் கவனிக்காத ஓர் அரசியல் இருக்கிறது. சாதி ஒழிப்பு பேசுகிற நம் மேடைகளும் இதற்கு விலக்கு இல்லை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ‘ஓப்பனிங் ஆக்ட்’ என்ற சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வேலை இருந்தது. சின்னமனூர் பக்கம் எங்கள் மார்க்கையன்கோட்டை. அங்கிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குப் போனால் தேவாரம், அதையொட்டிப் பண்ணைப்புரம். அந்த ஊர்க்காரர் பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்ட் கட்சியின் கூட்டங்களில் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த அந்த மலைத்தொகுதியில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாட்டாலேயே பிரச்சாரம் செய்தார். பிறகு தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகியோரும் சேர்ந்துகொள்ள, அது பாவலர் பிரதர்ஸ் குழுவானது. பதின்ம வயதில் அண்ணனின் ஆர்மோனியத்தைப் பார்த்து வளர்ந்த ராசையாதான் 1976இல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜாவாக வந்தார். அமர்சிங், கங்கை அமரன்.

கட்சிக் கூட்டத்தில் பாட்டு எப்போது வரும் என்பது ஊரறிந்ததுதான். தலைவர் வரும் வரை பாட்டு, கூட்டம் சேரும் வரை பாட்டு. தலைவரின் கார் வெளிச்சம் தெரிந்தால் பாட்டு நிற்கும். சனம் பாட்டுக்காகத்தான் சீக்கிரம் வந்து உட்காரும், ஆனால் நோட்டீஸில் பேச்சாளர் பெயருக்குக் கீழேதான் பாட்டுக்காரர் பெயர். பாவலரைப் பற்றி இன்று எழுதப்படுவதும் பெரும்பாலும் இளையராஜாவின் வாழ்க்கை வரலாற்றுக்கு முன்னுரையாகத்தான். வரலாற்றிலும் அவருக்கு ஓப்பனிங்தான் கிடைத்திருக்கிறது.

அவருக்காவது பெயர் மிஞ்சியது. எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழா நோட்டீஸ் எதையாவது கையில் எடுத்துப் பாருங்கள். உபயதாரர்கள் பெயர் அப்பா பெயரோடு, கடைப் பெயரோடு இருக்கும். இரவு இன்னிசைக் கச்சேரி என்றால் குழுவின் பெயர், எந்த ஊர்க்காரர்கள், யார் தலைமை எல்லாம் கொட்டை எழுத்தில். கரகாட்டக் குழுவுக்குக்கூட ஊர்ப் பெயர் போடுவார்கள். பறைக்கு? ‘மேளதாளம் முழங்க’ என்று ஒரு தொடர், அவ்வளவுதான். அந்த முழக்கத்தை யார் எழுப்புகிறார்கள் என்பது நோட்டீஸுக்கு வேண்டாத செய்தி. சாமி புறப்படுவதிலிருந்து முளைப்பாரி, தீச்சட்டி வரை பகல் முழுக்க வெயிலில் நடந்து அடிப்பது அவர்கள். பொழுது சாய்ந்து மேடையில் விளக்கு எரிந்ததும் அவர்களுடைய வேலை முடிந்துவிடும். அதன்பிறகு மேடையில் ஏறுவது கீபோர்டும் டிரம்ஸும். ஒருவருக்கு அட்வான்ஸ், இன்னொருவருக்குக் கூலி. கூலியிலும் வழக்கப்படி என்று ஒரு கழிவு இருக்கும்.

ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகும் வழக்குகளில், ஆபாசமும் கூடாது, சாதியைச் சொல்லும் பாட்டும் கூடாது என்று நிபந்தனை வரும். பாட்டில் சாதி கூடாது, சரி. நிகழ்ச்சி நிரலில்?

இந்த நிரலை மறுத்த வரலாறும் நம்மிடம் இருக்கிறது. சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் இருந்தார்கள். அதற்காக ஊர்விலக்கும் அடியும் வாங்கினார்கள். அதே பறையை விடுதலைக் கருவியாக எடுத்தவர்கள் 1990களில் வந்தார்கள். மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பாட்டெழுதிப் பாடிக்கொண்டிருந்தார். தலித் கலை விழாக்கள் நடந்தன. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள், ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் தோளில் மாட்டினார்கள். ‘தன்னானே’ குழுவோடு கே.ஏ. குணசேகரன் பல்கலைக்கழகத்துக்கும் சேரிக்கும் நடுவே பாடித் திரிந்தார். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தபோது, ஒரு பறைக் கலைஞரின் பெயரைத் தலைப்பில் போட வேண்டிய கட்டாயம் நாளிதழ்களுக்கு வந்தது. பறையை வேண்டாமென்று வைத்தவர்களும் வேண்டுமென்று எடுத்தவர்களும் கேட்டது ஒன்றைத்தான்: அடிப்பதா வேண்டாமா, எங்கே, யாருக்காக என்பதை நாங்கள் முடிவு செய்வோம்.

இந்தக் கோரிக்கை நகரத்து மேடைக்கு வந்த நாள் என்று 2018 ஜனவரி 6ஐச் சொல்லலாம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. பத்தொன்பது பேர். பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், இசையமைப்பாளர் டென்மா. அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சொல்லாட்சியிலிருந்து எடுத்த பெயர். வந்தவர்களில் பலருக்கு அன்று தெரிந்த ஒரே பெயர் ‘கபாலி’ இயக்குநருடையதாக இருந்திருக்கும். மேடையில் இருந்த அறிவை அப்போது பரவலாகத் தெரியாது. ஆண்களின் பாட்டாகவே அறியப்பட்டிருந்த கானாவை ஒரு பெண் பாட முடியும் என்று இசைவாணி பாடிக்காட்டினார். 2020இல் அவர் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இருந்தார்.

அந்த மேடையில் நான் முக்கியமாகக் கருதுவது ஆட்களைவிட அமைப்பை. கானா முதலில், ராக் பிறகு என்று அடுக்கவில்லை. சாவு வீட்டில் சட்டி தட்டிப் பாடிப் பழகியவரும் கிடார் படித்தவரும் ஒரே பாட்டுக்குள் இருந்தார்கள். யார் யாருக்கு ஓப்பனிங் என்ற கேள்விக்கே இடமில்லை.

2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை இதை ஒரு விழாவாக்கியது. மறு ஆண்டு மதுரைக்கும் கோவைக்கும் வந்தது. ராப் கேட்க வந்தவர் ஒப்பாரியைக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். கானாவுக்கு வந்தவர் பழங்குடிப் பாட்டைக் கேட்பார். ஒரே இரவில் பல குழுக்கள் என்பதன் பயன் இதுதான். தனித்தனியாக டிக்கெட் போட்டால் ஒப்பாரிக்கு யார் வருவார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான், அதனால்தான் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. ‘மார்கழி’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டதும் தற்செயல் இல்லை. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதைச் சுற்றி வளர்ந்த டிசம்பர் சீசனில் ஒரு படிநிலை உண்டு. இளையவருக்கு மதியம், மூத்தவருக்கு மாலை. சபாவின் படிக்கட்டில் மதியத்தில் ஏறியவர் பத்து ஆண்டில் மாலைக்கு வரலாம். ஒப்பாரி பாடுகிறவருக்கு அந்தப் படிக்கட்டில் மதியமும் கிடையாது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். அம்பேத்கர் பிறந்தநாள், நூல் வெளியீடு, மாநாடு, கலை இரவு எதுவாக இருந்தாலும் அழைப்பிதழில் ‘பறை முழக்கத்துடன் வரவேற்பு’ என்று ஒரு வரி வருகிறது. சிறப்பு விருந்தினரின் கார் வந்து நிற்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்று அடிப்பார்கள். விருந்தினர் சிரித்துக்கொண்டே நடுவில் நடப்பார், இரண்டு அடி ஆடவும் செய்வார், படம் எடுக்கப்படும். அவர் உள்ளே போனதும் பறை நிற்கும். குழுவுக்கு டீ வரும். பிறகு உள்ளே மேடையில் பேண்ட். சாமி புறப்பாட்டுக்கு அடித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று குழுக்காரர் ஒருவர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா? சாமிக்குப் பதிலாகத் தோழர் வந்திருக்கிறார் என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வரவேற்பு என்பது கௌரவம்தானே என்று அமைப்பாளர்கள் சொல்வதுண்டு. கௌரவம் என்றால் யாரை நோக்கி? வரவேற்கப்படுகிறவர் பெயர் அழைப்பிதழில் இருக்கிறது, வரவேற்கிறவர் பெயர் இல்லை.

மேடைக்கே அழைத்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. பல குழுக்கள் வரும் நிகழ்ச்சியில் பெரிய பேண்டுக்குத்தான் முதலில் சவுண்ட் செக் நடக்கும், முதலில் ஏறப்போகிற குழுவுக்குக் கடைசியில். தொழில்முறையில் இதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியாகச் சரிபார்த்த அமைப்பு அப்படியே மேடையில் இருந்தால் நிகழ்ச்சியைத் தொடங்க வசதி. ஆனால் பெரிய பேண்ட் இரண்டு மணிநேரம் எடுத்துக்கொண்டால், கடைசியில் இருப்பவர்களுக்குப் பத்து நிமிடமும் மிஞ்சாது. பறைக்கு எப்படி மைக் வைப்பது என்று பல சவுண்ட் இன்ஜினியர்களுக்குத் தெரியாது. பாடகருக்கான மைக்கை முகத்துக்கு நேராக நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அடிக்குச்சியின் கனத்த ஒலியும் சிம்புக்குச்சியின் கீச்சொலியும் வேறு வேறு. இரண்டையும் பிடிக்க மைக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதை அடிக்கிறவரிடமே கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மார்கழிப் பனியில் தோல் தொய்ந்துவிடும், நெருப்பில் காய்ச்சியாக வேண்டும். அரங்கத்துக்காரர்கள் வளாகத்துக்குள் நெருப்பு மூட்டக்கூடாது என்பார்கள். வெளியே ரோட்டோரமாகப் போய்க் காய்ச்சிக்கொண்டு ஓடிவருவதற்குள் பறை பாதி இறங்கியிருக்கும். கிடாருக்கு சுருதி சேர்க்க இடம் கொடுக்கும்போது பறைக்குக் கொஞ்சம் வைக்கோலும் ஒரு மூலையும் கொடுப்பதில் என்ன சிரமம்?

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி வேறு. பேச்சு நீண்டால் நேரம் எங்கிருந்து வெட்டப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘இரண்டு பாட்டோடு முடிச்சுக்கங்கண்ணே’ என்று மேடையோரம் நின்று கைகாட்டுவது எப்போதும் பெயர் தெரியாத குழுவிடம்தான். ராப் பாடகரிடம் அப்படிக் கைகாட்ட யாருக்கும் துணிச்சல் வராது.

பெரிய பெயரை முதலில் விட்டால் கூட்டம் கலைந்துவிடுமே என்பது அடுத்த வாதம். 1969 ஆகஸ்ட் 15இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் விழாவில், மற்றவர்கள் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டதால் ரிச்சி ஹேவன்ஸ் என்ற கறுப்பினப் பாடகரை முதலில் ஏற்றினார்கள். அடுத்த ஆள் வரவில்லை, பாடிக்கொண்டே இருங்கள் என்றார்கள். கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்த பிறகு, பழைய ஆன்மிகப் பாட்டு ஒன்றை எடுத்து அங்கேயே நீட்டிக் கட்டினார். அந்த விழாவில் இன்றுவரை நினைவில் நிற்பவற்றில் அதுவும் ஒன்று. கூட்டம் கலையவில்லை, நேரம்தான் கிடைத்தது. நம் ஊரில் இதற்கு விபத்து நடக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய பேண்டின் இரண்டு பாட்டை ஆறு மணிக்குப் போடலாம், மீதியை ஒன்பதுக்கு. நடுவில் ஒப்பாரிக்கு முக்கால் மணிநேரம். இசைக்கலைஞர்கள் இதற்கு மறுப்புச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அமைப்பாளர்களுக்குத்தான் பழக்கத்தை விட முடியவில்லை.

பெயர் போடுவதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ‘என்ஜாய் எஞ்சாமி’யின் கதை தெரிந்திருக்கும். 2021 மார்ச்சில் வந்த பாட்டு, உலகம் முழுக்கப் போனது. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. கேள்வி கேட்க ஆள் இருந்ததால் அது நடந்தது. ஐந்தரை மணிக்கு ஏறி இறங்கியவர் விடுபட்டால் கேட்பதற்கு அந்த நேரத்தில் அரங்கில் ஆள் இருக்க வேண்டுமே.

கடந்த மூன்று நான்கு ஆண்டுகளாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதல் குழு இறங்கியதும் மேடைக்குப் பின்னால் போய், தலைமை யார், எத்தனை பேர், எந்த ஊர், என்ன வழியாக வந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ஆய்வுக்காகத் தொடங்கியது, இப்போது அதற்காக மட்டும் இல்லை. தேனி, உத்தமபாளையம் பக்கமிருந்து பேருந்தில் பறையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தவர்கள் அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறார்கள். திரும்பிப் போக அன்றிரவே பேருந்து பிடிக்க வேண்டும் என்பதால் பெரிய பேண்டைப் பார்க்காமலே கிளம்பியவர்கள் அவர்களில் பலர். தங்க இடம் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது பெரிய பேண்டுக்கு மட்டும்.

இந்த மார்கழிக்கு நிகழ்ச்சி நடத்தப்போகும் தோழர்களிடம் கேட்பதற்கு என்னிடம் சில்லறை விஷயங்கள்தான் இருக்கின்றன. அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் எல்லாக் குழுக்களின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பறைக் குழுவில் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேரின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். வாசலில் யாரையும் நிறுத்தாதீர்கள். சம்பளத்தை நிகழ்ச்சி முடிந்து கவரில் கொடுக்காமல், பேண்டுக்குக் கொடுப்பதைப் போலவே பாதியை முன்பணமாக அனுப்புங்கள். பயணப்படியும் தங்கும் இடமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பார்க்க வருகிற தோழர்களிடம் கேட்பது இன்னும் குறைவு. நிகழ்ச்சி ஐந்தரைக்கு என்று போட்டிருந்தால் ஐந்தே காலுக்கு வந்துவிடுங்கள். முன்வரிசையில் இடம் காலியாகத்தான் இருக்கும்.