மூன்று சுழியும் மடிக்கணினித் திரையும்

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் எனத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதையொட்டிய விவாதங்கள் பெரும்பாலும் செயலி, நினைவகம், மென்பொருள் ஆகியவற்றையே சுற்றி வருகின்றன. மாணவர் நாள்தோறும் பல மணி நேரம் உற்றுப் பார்க்கப்போகும் திரையைப் பற்றிய பேச்சு, 14 அங்குலமா 15.6 அங்குலமா என்ற அளவில் நின்றுவிடுகிறது.

அங்குலக் கணக்கு திரையின் மூலைவிட்ட நீளத்தை மட்டுமே சொல்லும். எழுத்தின் தெளிவைத் தீர்மானிப்பது, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல்கள் அடங்கியுள்ளன என்பதே. மலிவு விலைக் கணினிகளில் நெடுங்காலம் கோலோச்சிய 1366-க்கு 768 பிக்சல் திரை, 15.6 அங்குலத்தில் அமைந்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பிக்சல்களே கிடைக்கும். 1920-க்கு 1080 என்றால் அதே அளவுத் திரையில் 141. 14 அங்குலத்தில் 157. பெரிய திரை என்று நம்பி வாங்கியதில் எழுத்து மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

ஆங்கிலத்துக்கு 100 ஒருவாறு போதும். தமிழுக்குப் போதாது என்பது என் கருத்து. மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' என்று பள்ளியில் படித்தோம். அந்த ஒரு சுழிதான் மணத்தையும் மனத்தையும் பிரிக்கிறது. 12 புள்ளி அளவு எழுத்துக்குக் கணினியின் வழக்கமான கணக்கில் கிடைப்பது 16 பிக்சல் உயரம். மேலே மெய்யின் புள்ளிக்கும் கீழே உகரக் குறிக்கும் இடம் விட்டபின் சுழிகளுக்கு என்ன மிஞ்சும்? தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில், வருடி எடுக்கப்பட்ட பழைய நூல்களைப் படிப்போர் இத்தொல்லையை நன்கறிவர்.

அடர்த்தி கூடினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பழைய 15.6 அங்குலக் கணினியை விட்டு, 14 அங்குலத்தில் 1920 பிக்சல் திரைக்கு நான் மாறியபோது, எழுத்துகள் முன்பிருந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டன. மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்று இரண்டு நாள் கலங்கினேன். காட்சி அளவை 150 சதவீதமாக உயர்த்தியதும் எழுத்து பெரிதாகவும் கூர்மையாகவும் தெரிந்தது. ஆனால், அதற்கு ஒரு விலை உண்டு: அந்த அமைப்பில் திரை 1280-க்கு 720 பிக்சல் இடத்தையே தருகிறது. ஒருபுறம் பாடம், மறுபுறம் குறிப்பு என்று இரு சாளரங்களைத் திறந்தால் இரண்டுமே நெருக்கடிக்குள்ளாகின்றன. அங்குலத்துக்கு மதிப்பு இருப்பது இங்கேதான். பக்கம் பக்கமாகப் படிப்பவருக்கு, தொலைக்காட்சிக்குப் பொருந்தும் 16:9 வடிவைவிட, கூடுதலாக 120 வரிசைப் பிக்சல்கள் தரும் 1920-க்கு 1200 திரை மேலானது.

பொதுப் பணத்தில் லட்சக்கணக்கில் வாங்கும்போது, ஒப்பந்தப் புள்ளியில் அங்குலத்தோடு குறைந்தபட்சப் பிக்சல் அடர்த்தியும் திரையின் ஒளிர்வும் நிபந்தனையாக இடம்பெற வேண்டும். காட்சி அளவை மாற்றும் முறையைக் கணினியுடன் ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுத் தரலாம், செலவு அற்பம். மாதிரிக் கணினியை ஏற்கும் முன் ஒரு தமிழ்ப் பாடநூல் பக்கத்தை அதில் திறந்து, சன்னலோர வெளிச்சத்தில் ஒரு மாணவரை அரை மணி நேரம் படிக்கச் செய்து பார்க்கட்டும்.