ஒரே ஒரு ஹிட்



ரன் குவியும் ஆட்டங்களுக்கே கைதட்டிப் பழகிவிட்டோம். ஒரே ஒரு ரன்னில் முடிந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி இந்த முறை உங்களிடம் சொல்ல ஆசை.

1965 செப்டம்பர் 9, இரவு. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் டாட்ஜர்ஸ் அணியும் சிகாகோ கப்ஸ் அணியும் ஆடின. டாட்ஜர்ஸின் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ். அன்று அவரை எதிர்கொள்ள கப்ஸ் பேட்டர்கள் 27 முறை வந்தார்கள். 27 முறையும் முதல் பேஸைக்கூட எட்டாமல் திரும்பினார்கள். 14 ஸ்ட்ரைக் அவுட். எர்னி பேங்க்ஸ், ரான் சான்டோ, பில்லி வில்லியம்ஸ் என்று பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்த மூவர் அந்த வரிசையில் இருந்தும் கப்ஸ் அணியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதைத்தான் ‘பெர்ஃபெக்ட் கேம்’ என்கிறார்கள். கோஃபாக்ஸின் புகழ் உலகறிந்தது. என் மனம் போவது எதிரணி பிட்சர் பாப் ஹெண்ட்லியிடம்.

ஹெண்ட்லியும் அன்று அபாரமாக எறிந்தார். ஆறு இன்னிங்ஸ் முடியும்வரை அவருடைய பந்திலும் ஒரு ஹிட்கூட விழவில்லை. ஆனால் ரன் அதற்கு முன்பே, ஐந்தாவது இன்னிங்ஸில், போய்விட்டிருந்தது. டாட்ஜர்ஸின் லூ ஜான்சன், பந்தை அடிக்காமலே கிடைக்கும் ‘வாக்’ மூலம் முதல் பேஸ் போனார். அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட்டாகி, அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். அங்கிருந்து ஜான்சன் மூன்றாவது பேஸைத் திருட ஓட, அவரைத் தடுக்க கேட்சர் கிறிஸ் கிரக் வீசிய பந்து குறி தவறி வெளியே பறந்தது. ஜான்சன் ஓடிவந்து ரன் எடுத்துவிட்டார். யாரும் ஹிட் அடிக்கவில்லை. ஆட்டத்தின் ஒரே ரன் அதுதான்.

ஏழாவது இன்னிங்ஸில் அதே ஜான்சன் அரைகுறையாகத் தட்டிய பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்து டபிள் ஆனது. இரு அணிக்கும் சேர்த்து அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே ஹிட். அவரைத் தவிர வேறெந்த ஆட்டக்காரரும் அன்று பேஸில் நிற்கவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸில் கப்ஸின் முதல் பேட்டராக வந்தவர் அதே கிரக். நான்கு இன்னிங்ஸாக அந்த ஒரு வீச்சைச் சுமந்துகொண்டு மட்டையோடு நடந்து வந்திருப்பாரே என்று நினைக்கும்போதே மனம் கனக்கிறது. ஸ்ட்ரைக் அவுட். கடைசி ஆளாக, ஹெண்ட்லிக்குப் பதில் களமிறங்கிய ஹார்வி க்யூன். அவரும் ஸ்ட்ரைக் அவுட். ஒரு மணி 43 நிமிடங்களில் ஆட்டம் முடிந்தது. ஒரே ஒரு ஹிட் கொடுத்த ஹெண்ட்லி 1-0 என்று தோற்றார்.

பதிவேட்டில் அது தோல்விதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று ஹெண்ட்லி அவ்வளவு இறுக்கிப் பிடிக்காமல் இருந்திருந்தால், கோஃபாக்ஸின் ஒவ்வொரு பந்துக்கும் அந்தப் பதற்றம் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். அந்த இரவைக் கட்டியெழுப்பியவர்கள் இரண்டு பேர்.

ஐந்து நாள் கழித்து சிகாகோவில் இருவரும் மறுபடி மோதினார்கள். ஹெண்ட்லி 2-1 என்று வென்றார்.

உங்கள் ஊர் மைதானத்தில் இப்படித் தோற்ற ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவருக்கு இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்